நிற்கும் வண்டி குடிக்கும் கரண்ட்

அத்தியாயம் 9

சனிக்கிழமை மாலை சேலம் போய்த் திரும்பிய கார். வழியில் ஒரு குறையும் இல்லை. கொட்டகையில் நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போகிறீர்கள். செவ்வாய்க்கிழமை காலை சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது; மீட்டர் போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டதும் உயிர் வருகிறது. அன்று முழுக்க ஓட்டினாலும் எந்தத் தொல்லையும் இல்லை. மறுபடி மூன்று நாள் நின்றால் மறுபடி அதே கதை.

இதற்கு நம் பக்கத்தில் உடனே கிடைக்கும் வைத்தியம், "பேட்டரி போச்சுங்க, மாத்திருங்க" என்பதுதான். புதுப் பேட்டரி போட்டால் சில வாரம் அமைதி. பிறகு பழைய தொல்லை திரும்பி வரும். தண்ணீர்த் தொட்டி ராத்திரியில் காலியாகிறது என்றால், எந்தக் குழாய் சொட்டுகிறது என்று பார்ப்போம். தொட்டியை மாற்ற மாட்டோம். காரிலும் அதே நியாயம்தான். எந்த வழியாகக் கரண்ட் கசிகிறது என்பதை அளந்து கண்டுபிடிக்கலாம். இரண்டு மல்டிமீட்டர், 10 நம்பர் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், டார்ச், இரண்டு மணி நேரப் பொறுமை. இவ்வளவு இருந்தால் போதும்.

எவ்வளவு போனால் கசிவு?

பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம், சென்ட்ரல் லாக் ரிசீவர், அலாரம் ஆகியவை தூங்கும்போதும் மூச்சு விடுகின்றன. பெரும்பாலான கார்களில் இது 20 முதல் 50 மில்லிஆம்ப் வரை இருக்கும். 50-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் தேட வேண்டும்.

இந்த எண்களின் அர்த்தம் கணக்குப் போட்டால் புரியும். சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாக இருப்பது 35 ஆம்ப்-அவர் பேட்டரி. அதில் பாதி இறங்கினாலே செல்ஃப் எடுக்கத் திணறும். முழு சார்ஜிலிருந்து அந்தப் பாதி இறங்க ஆகும் காலம் இது:

30 மில்லிஆம்ப்: சுமார் 24 நாள்
50 மில்லிஆம்ப்: சுமார் 14 நாள்
100 மில்லிஆம்ப்: சுமார் 7 நாள்
400 மில்லிஆம்ப்: இரண்டு நாளுக்கும் குறைவு
1 ஆம்ப்: 17 அல்லது 18 மணி நேரம்

டிக்கியில் எரியும் 5 வாட் பல்பு ஒன்றே 400 மில்லிஆம்ப் எடுக்கும். சுண்டுவிரல் அளவு பல்பு இரண்டு நாளில் காரைப் படுக்க வைத்துவிடும்.

தினமும் ஓடும் வண்டியில் 100, 150 மில்லிஆம்ப் கசிவு வெளியே தெரியாது. ராத்திரி இறங்கியதைப் பகலில் டைனமோ ஏற்றிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை சந்தைக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கும் வண்டிதான் மாட்டிக்கொள்ளும். "தினம் ஓட்டினா சரியா இருக்குதுங்க, நிறுத்தினாத்தான் படுத்துக்குது" என்று ஒருவர் சொன்னால், பாதி நோயை அவரே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எதிலும் இணைக்காமல் வைத்த பேட்டரியும் தானாகக் கொஞ்சம் இறங்கும். வெப்பம் ஏற ஏற அது வேகமாகும், பேட்டரியின் ஆயுளும் குறையும். சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு, மேலே சொன்ன நாட்கள் இன்னும் குறையும்.

முதலில் பேட்டரியையும் டைனமோவையும் விசாரியுங்கள்

பேட்டரியே செத்திருந்தால் கசிவைத் தேடுவது வீண் வேலை. ஆகவே முதலில் மூன்று சோதனைகள்.

1. பேட்டரியை வெளி சார்ஜரில் முழுமையாக ஏற்றுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். எதிலும் இணைக்காமலே ஒரே ராத்திரியில் 12.2-க்கு வந்துவிட்டால் குற்றம் பேட்டரியில். கேபிள் கழற்றியபோது தாங்குகிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால் குற்றம் வண்டியில்.

2. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே விழக் கூடாது. முழு சார்ஜில் இருந்தும் விழுந்தால் பேட்டரிக்கு வலு இல்லை. மூடி திறக்கும் வகை என்றால் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால் அந்த செல் போய்விட்டது.

3. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே என்றால் டைனமோ ஏற்றவில்லை. அது வேறு நோய். அதற்கு வேறு அத்தியாயம். சார்ஜிங்கைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளந்தால் உண்மை தெரியும்.

பேட்டரியின் மேல்பக்கத்தையும் பாருங்கள். ஆசிட் பிசுபிசுப்போடு புழுதி படிந்தால் அதன் வழியாகவே கொஞ்சம் கரண்ட் ஓடும். சோடா மாவு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் போக உலர்த்துங்கள். கரைசல் செல்லுக்குள் இறங்கிவிடக் கூடாது.

வண்டியைத் தூங்க வைக்கும் ஏற்பாடு

கதவு திறந்தால் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் விழிக்கும். ஆனால் ஃப்யூஸ் பெட்டியைத் தொட வேண்டுமானால் கதவு திறந்திருக்க வேண்டும். இதற்கு எலெக்ட்ரீஷியன்கள் செய்யும் உபாயம் எளிது. கதவைத் திறந்து வைத்து, அதன் ஓரத்தில் உள்ள லாக் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் 'கிளிக்' என்று மூடிவிடுங்கள். கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். பானெட்டுக்கு சுவிட்ச் இருந்தால் அதையும் இப்படியே அமுக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். மறந்து அடித்தால் லாக் உடையும்.

சாவியை எடுத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். அது பக்கத்தில் இருந்தாலே சில வண்டிகள் விழித்துக்கொள்ளும். லைட்டர் சாக்கெட்டில் செருகிய போன் சார்ஜரை மறந்தும் கழற்றாதீர்கள். வழக்கமாக எப்படி நிறுத்துவீர்களோ அப்படியே சோதிக்க வேண்டும். அந்தச் சார்ஜரே திருடனாக இருக்கலாம்.

மீட்டரை இணைப்பது

இங்கேதான் மீட்டர்கள் புகைகின்றன. நிதானமாகச் செய்யுங்கள்.

1. கறுப்பு ஒயர் காம் துளையில், சிவப்பு ஒயர் 10 ஆம்ப் துளையில். மில்லிஆம்ப் துளையில் தொடங்காதீர்கள். மலிவான மஞ்சள் மீட்டர்களில் 10 ஆம்ப் துளைக்கு உள்ளே ஃப்யூஸ் கிடையாது. சிவப்பு ஒயரின் வழியில் 10 ஆம்ப் ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்றை நீங்களே சேர்த்துவிடுங்கள்.

2. கழற்றுவது மைனஸ் கேபிளை மட்டுமே. பிளஸ்ஸைத் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்பு பறக்கும். மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி இவற்றைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். பீடி, சிகரெட் கிட்டே வரக் கூடாது.

3. மீட்டரின் சிவப்பு முனை கேபிள் கிளாம்ப்பில், கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் முனையில். இப்போது வண்டிக்குள் போகும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

4. மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. சாவியையும் போடக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்புக்கு மேல் இழுக்கும். டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக்குகளும் மீட்டரை எரித்துவிடும்.

ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களையும், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களின் ஆரஞ்சு கேபிள்களையும் தொடாதீர்கள்.

அரை மணி நேரம் சும்மா இருங்கள்

இணைத்ததும் மீட்டர் 1 ஆம்ப், 2 ஆம்ப் என்று காட்டும். பதற வேண்டாம். கேபிளைக் கழற்றி மாட்டியதில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துவிட்டன. அவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போக 20 முதல் 40 நிமிடம் ஆகும். சில வண்டிகளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். எண் படிப்படியாக இறங்குவதை நீங்களே பார்க்கலாம்.

தவறான தீர்ப்புகள் பெரும்பாலும் இந்த அரை மணியைப் பொறுக்காததால் வருகின்றன. ஐந்தாவது நிமிடத்தில் மீட்டரைப் பார்த்துவிட்டு, நல்ல கம்ப்யூட்டரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள். எண் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்ற பிறகு அதைத் தாளில் எழுதுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான கசிவு.

எந்த ஃப்யூஸ் வழியாக?

ஃப்யூஸைப் பிடுங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மற்றொரு மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த ஃப்யூஸில் கரண்ட் ஓடவில்லை. ஏதாவது எண் வந்தால் ஓடுகிறது. 10 ஆம்ப் ஃப்யூஸில் 1 மில்லிவோல்ட் என்பது சுமார் 130 மில்லிஆம்ப். 20 ஆம்ப் ஃப்யூஸில் அதே 1 மில்லிவோல்ட் சுமார் 300 மில்லிஆம்ப். துல்லியக் கணக்கு வேண்டாம். எது பெரிது என்று தெரிந்தால் போதும். இந்த முறையில் எதையும் கழற்றுவதில்லை. அதனால் தூங்கும் வண்டி விழிப்பதில்லை.

சந்தேகப்பட்ட ஃப்யூஸை இப்போது பிடுங்குங்கள். பேட்டரியில் இணைத்த மீட்டரில் எண் சட்டென்று விழுந்தால் வழி அகப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு ஃப்யூஸ் மட்டும். திரும்பச் செருகினால் சில கம்ப்யூட்டர்கள் விழிக்கும் என்பதால், மறுபடி எண் அடங்கும் வரை காத்திருங்கள். பிடுங்குவதற்கு முன் பெட்டியை போனில் படம் எடுத்து வைத்தால் இடம் மாறாது.

ஃப்யூஸ் அகப்பட்டதும் வேலை முடியவில்லை. ஒரே ஃப்யூஸில் நாலைந்து பொருட்கள் தொங்கும். பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தையும் கையேட்டையும் பார்த்துப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாகக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

ராசிபுரம் பக்கம் பார்த்த ஒரு வண்டி

மரவள்ளி விவசாயம் செய்யும் ஒருவரின் கார். 35 ஆம்ப்-அவர் பேட்டரி, இரண்டு வருடத்தில் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மூன்றாவது வாங்கப் போகும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

பேட்டரி ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தும் 12.6-இல் நின்றது. டைனமோ 14.2 ஏற்றியது. மீட்டரைத் தொடரில் போட்டேன். முதலில் 1.9 ஆம்ப், 35 நிமிடம் கழித்து 380 மில்லிஆம்பில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. இந்தக் கணக்கில் மூன்று நாளில் 27 ஆம்ப்-அவர் போய்விடும். 35-இல் 27 போனால் எந்தப் பேட்டரி செல்ஃப் எடுக்கும்?

உள்ளே இருந்த 15 ஆம்ப் ஃப்யூஸ் ஒன்றின் தலையில் 1.8 மில்லிவோல்ட். பிடுங்கியதும் 380 என்பது 22 ஆனது. அந்த ஃப்யூஸில் ரூம் லைட், டிக்கி லைட், கடிகாரம், பாட்டு செட் நான்கும் இருந்தன. டிக்கிக்குள் போனை வீடியோ எடுக்க வைத்துச் சாத்திப் பார்த்தேன். விளக்கு ஒழுங்காக அணைந்தது. மிச்சம் செட்.

"ஏனுங்க, செட்டு ஆஃப் பண்ணித்தானே இருக்குது?" என்றார்.

செட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு நேராக இருந்தது. பாட்டு செட்டுக்கு மஞ்சள் ஒயர் நிரந்தர கரண்ட். சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வர வேண்டிய கரண்ட். செட் மாட்டியபோது இரண்டையும் முறுக்கி ஒன்றாக டேப் சுற்றியிருந்தார்கள்.

"தோட்டத்துல சாவி போடாம பாட்டுக் கேக்கணும்னு நான்தாங்க அப்படிப் போடச் சொன்னேன்" என்றார் அவர்.

திரை இருட்டாக இருந்தாலும், சாவி போட்டிருக்கிறது என்று எண்ணி உள்ளே அந்த செட் விழித்தே இருந்தது. சிவப்பு ஒயரைப் பிரித்து, சாவியோடு வரும் லைனில் சேர்த்தேன். மறுபடி அரை மணி காத்திருந்து அளந்தபோது 22 மில்லிஆம்ப். பத்து நாள் நிறுத்தி வைத்து எடுத்தார். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது.

ஃப்யூஸில் அகப்படாதவை

எல்லா ஃப்யூஸையும் பார்த்தும் எண் குறையவில்லை என்றால் மூன்று இடங்கள் உண்டு. முதலாவது டைனமோ. அதன் டயோடு பழுதானால் நிற்கும்போது கரண்ட் பின்வழியாகத் திரும்பி ஓடும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு டைனமோவின் பெரிய ஒயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் டேப் சுற்றி ஒதுக்கி வைத்து, மீண்டும் அளந்து பாருங்கள். கசிவு நின்றால் அங்கேதான். இரண்டாவது, வெளியில் மாட்டிய பொருளுக்காக பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர்கள். மூன்றாவது, ஒட்டிக்கொண்ட ரிலே; எந்த ரிலே வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம்.

நம் பக்கத்தில் அடிக்கடி பிடிபடுபவை

பாட்டு செட், சீட்டுக்கு அடியில் ஊஃபர் ஆம்ப்ளிஃபயர். நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் டேஷ் கேமரா. இது 200 முதல் 400 மில்லிஆம்ப் வரை எடுக்கும். துருப்பிடித்த கதவு சுவிட்ச்.

எலி ஒரு தனி வகை. மக்காச்சோளமும் கோழித்தீவனமும் அடுக்கிய கொட்டகையில் வண்டி நின்றால், இன்ஜினின் சூட்டுக்கு எலி பானெட்டுக்குள் குடியேறும். தோல் உரிந்த ஒயர், ஈரம் பட்டதும் பாடியில் கசியும். மழைக்குப் பிறகு மட்டும் பேட்டரி இறங்கினால் முதலில் ஒயரிங்கைத் தடவிப் பாருங்கள்.

டாக்ஸி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2019 ஜனவரி 1 முதல் பதிவான பொதுச் சேவை வாகனங்களில் ஏஐஎஸ் 140 வகை ஜிபிஎஸ் கருவி சட்டப்படி இருக்க வேண்டும். அதைக் கழற்றக் கூடாது. அது எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து, நிறுத்தும் நாட்களின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் மீது பழி போடாதீர்கள். அது சுங்கச்சாவடியின் ரேடியோ அலையிலேயே இயங்குவது. வண்டியின் பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

லாரி வைத்திருப்பவர்களுக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகளிலும் ரிக் வண்டிகளிலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடரில் நின்று 24 வோல்ட் கொடுக்கின்றன. சோதனை முறை அதே. ஆனால் ஒரு தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. பாட்டு செட்டுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் அரைகுறைச் சார்ஜில் கிடக்கும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 0.3 வோல்ட் வித்தியாசம் இருந்தால் இந்த ஒயரைத் தேடுங்கள். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் மாட்டி, அதையும் சாவி லைனில் சேர்ப்பதே சரியான வழி.

பாடி கட்டும்போது சேர்த்த அலங்கார விளக்கு, ஹாரன் ஒயர்களைத் தனியாகப் பாருங்கள். அவை கம்பெனி ஃப்யூஸ் பெட்டியின் படத்தில் இருக்காது. கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் என்றால், ஏற்றிய நிலையில் இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். பேட்டரி முனையில் பறக்கும் ஒரு பொறி போதும். காலி செய்து, வாயு நீக்கி, தகுதியுள்ள பட்டறையில் மட்டும்.

முடிவாக

கசிவைச் சரி செய்ததும் மறுபடி ஒரு முறை அளந்து, எண்ணையும் தேதியையும் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். புதிதாக எந்தப் பொருள் மாட்டினாலும் அன்றைக்கே மீண்டும் அளந்து பாருங்கள். வெளியூர் போய் ஒரு மாதம் வண்டி நிற்கப் போகிறது என்றால் மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போங்கள். கடிகாரத்தையும் ஜன்னல் ஆட்டோவையும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த முறை யாராவது "பேட்டரியை மாத்திருங்க" என்று சொன்னால், "கசிவு எத்தனை மில்லிஆம்புங்க?" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வரும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.